பையின் எடை

எட்டு வாரத்துக்கு ஒருமுறை
புனித ஜூலியன் கோயிலின் பின்னறையிலிருந்து
நகர மாளிகை வரைக்கும்
அந்தத் தோல்பையைச் சுமந்தவன் நான்.
மூன்று பூட்டு, மூன்று சாவி,
மூன்று சாவியும் வெவ்வேறு இடுப்பில்.
என்னிடம் சாவி இல்லை. தோள் இருந்தது.

பைக்குள் மோன்தால்வோ நகரமே இருந்தது.
கொட்டைப்பாக்கு அளவில் மெழுகு உருண்டைகள்,
உருண்டைக்குள் சீட்டு, சீட்டில் ஒரு பெயர்:
கம்பளி சிக்கெடுப்பவன், லாடம் அடிப்பவன்,
மடத்துக் கோழியைத் திருடி மாட்டிக்கொண்டவன்கூட.
மேடையில் ஒரு சிறுவன்
கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிடுவான்.
எட்டுப் பெயர். எட்டு வார ஆட்சி.
பிறகு அவரவர் தறிக்கும் உலைக்கும் திரும்பிவிட வேண்டும்.
'இவ்வூருக்கு அரசன் இல்லை' என்று
மாளிகை வாசல் கல்லில் வெட்டியிருக்கும்.
இன்றும் இருக்கிறது. ஓர் எழுத்துகூட அழியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரோடு போர் வந்தபோது
சதுக்கத்தில் மணியடித்து எங்களைக் கூட்டினார்கள்.
நான்கு தெருமுனையிலும் ஈட்டிக்காரர்கள்,
எங்கள் பாதுகாப்புக்காம்.
பைக்குள் யார் யார் பெயர் போகலாம் என்று
ஐந்து மாதத்துக்கு மட்டும்
ஒரு குழு பார்த்துக்கொள்ளும், சம்மதமா?
சம்மதம் என்று கத்தினோம்.
நானும் கத்தினேன். அடித்தொண்டையிலிருந்து.
போர் முடிந்தது.
ஐந்து மாதம் முடியவில்லை.

அடுத்த முறை பையைத் தூக்கியபோது
தோள் நினைத்ததைவிட வேகமாக எழும்பியது,
இல்லாத படியில் கால் வைத்தவன் போலத் தடுமாறினேன்.

சிக்கெடுக்கும் மோனேயின் பெயர் ஒருமுறை வந்தது.
அவன் மனைவி பியேரா
கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.
எழுத்தர் பேரேட்டைப் புரட்டி,
"வரி பாக்கி" என்றார்.
சீட்டைக் குறுக்கே கிழித்தார்.
வரியே போன செவ்வாய்தானே ஏற்றினீர்கள் என்றான் மோனே.
ஆமாம், செவ்வாய்தான். பேரேட்டில் தேதி இருந்தது.
எல்லாம் சட்டப்படி.

பட்டு வணிகருக்குப் பதவி ஒன்றும் கிடையாது.
தெருவில் என்னைப் பார்த்தால்கூடத் தொப்பியைக் கழற்றுவார்.
பதவியேற்ற எட்டுப் பேரும் அன்று மாலையே
அவர் வீட்டுக் கொல்லைக்கதவு வழியாகப் போய்வந்தார்கள்,
அவ்வளவுதான்.

வேறு குடியரசுகளிலும் இப்படி நடந்ததென்று
ரோமுக்குப் போகிற யாத்திரிகர்கள் சொன்னார்கள்.
அந்த ஊர்க்காரர்கள் ஏமாளிகள் என்று
சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி சிரித்தோம்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள்.
பை தேயவில்லை. அதே தோல்.
ஈஸ்டருக்குப் புதிதாக எண்ணெய்கூடத் தடவினார்கள்.
மூன்று சாவியும் ஒரே வளையத்துக்கு வந்திருந்தன,
வசதிக்காக.
உள்ளே இருந்த ஊர்தான் தேய்ந்துகொண்டு போனது.

கோல் முறிந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும்.
வளைந்தது.

கடைசியாகச் சுமந்த நாளில்
நடுவழியில் நின்று பையை மெல்லக் குலுக்கினேன்.
தோலுக்கு மேலாகவே விரலால் எண்ண முடிந்தது.
எட்டு.
எட்டில் எட்டை எடுப்பதற்கு
அந்தச் சிறுவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.
சதுக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஊரைவிட்டுப் போகிற அன்று
தெற்கு வாசலில் மோனே கேட்டான்:
"சுமந்தவன் நீதானே உகோ, உனக்குமா தெரியவில்லை?"
கழுதைமேல் பியேராவும் குழந்தையும், சிக்கெடுக்கும் சீப்பும்.
நான் பதில் சொல்லவில்லை.

இங்கே சொல்கிறேன்.
மாளிகைக்கு நூற்றுப் பதினான்கு படி, செங்குத்து.
எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.
முதல் படியிலேயே தெரிந்துவிடும்.
ஒவ்வொரு முறை பாரம் குறைந்தபோதும்
என் முதுகுக்காகக்
கடவுளுக்கு நன்றி சொன்னேன்.